கார் வராத பாதைக்குக் காரில் போனோம்

என் இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர், வாரத்துக்கு மூன்று நாளாவது வியர்க்கிற மாதிரி ஏதாவது செய்யச் சொன்னார். நான் வீட்டுக்கு வந்து ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறந்தேன். ஐ.டி. நிறுவனத்தில் பதினாறு வருடம் ப்ராஜெக்ட் மேனேஜராக இருந்தவனுக்கு வியர்ப்பதற்கும் ஒரு திட்டம் வேண்டும். நடை, நீச்சல், ஜிம், சைக்கிள் என்று நான்கு பத்தி போட்டு மதிப்பெண் கொடுத்தேன். சைக்கிள் ஜெயித்தது. அதற்கென்று தனி உடுப்பு உண்டு என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

உடுப்பு வந்த அன்று போட்டுக்கொண்டு ஹாலில் வந்து நின்றேன். கறுப்பும் மஞ்சளுமாக உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. என் மனைவி மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மாசமா இருக்கற குளவி மாதிரி இருக்கீங்க," என்றாள்.

"நீயும் வாயேன். ரெண்டு பேருமா போவோம்."

"கார் வர்ற ரோட்டுல நான் ஓட்ட மாட்டேன்."

"எப்பவாவது ஒண்ணு ரெண்டு வரும். நாம ஓரமா போனா..."

"ஒண்ணுகூட வரக்கூடாது. அப்படி ஒரு பாதை இருந்தா சொல்லுங்க, வர்றேன்."

சும்மா பிடிவாதம் பிடிக்கிறாள் என்று நினைத்தேன். நடக்காத ஒன்றைக் கேட்டால் நான் விட்டுவிடுவேன் என்பது அவள் கணக்கு என்றும் நினைத்தேன். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாடிக்கையாளர் தேவையைச் சொல்லிவிட்டார், இனி அதை நிறைவேற்ற வேண்டும் என்பதே என் தொழிற்பழக்கம்.

மூன்று மாதம் தேடினேன். அலுவலகக் கூட்டங்களில் கேமராவை அணைத்துவிட்டுத் தேடினேன். கடைசியில் பிரான்ஸ் அகப்பட்டது. அங்கே நாட்டுப்புறத்தில் பழைய கால்வாய்க் கரைகளையும் ரயில் ஓடாமல் போன தடங்களையும் செப்பனிட்டு, சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் மட்டும் என்று விட்டிருக்கிறார்கள். கிராமம் கிராமமாக நாள் கணக்கில் போகலாம். மோட்டார் வண்டி எதுவும் உள்ளே வராது. மெல்பர்னின் புறநகரான பொயிண்ட் குக்கில் எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே ஒரு சைக்கிள் பாதை இருக்கிறது. அதிலும்தான் கார் வராது. ஆனால் அதை நான் பட்டியலில் சேர்க்கவில்லை. மூன்று மாதம் ஆராய்ச்சி செய்து வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதைக் கண்டுபிடித்தேன் என்று யாரிடம் சொல்வது?

பிரான்ஸ் விஷயத்தை எல்லோரிடமும் சொன்னேன். முதலில் சொன்னது பின் தெருவில் இருக்கிற யாழ்ப்பாணத்து அண்ணனிடம். மெல்பர்னில் இருபது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எதற்கும் பதறாத மனிதர்.

"சைக்கிள் ஓடுறதுக்கோ பிரான்சுக்குப் போறீங்கள்?" என்று கேட்டார்.

"ஆமாண்ணா. ட்ராஃபிக்கே கிடையாது."

"பாரிஸில எனக்குச் சொந்தக்காரர் இருக்கினம். மூண்டு தரம் போய் வந்தனான். கடையும் கலியாண வீடும்தான் காட்டினவை. நாட்டை இன்னும் பாக்கேல்லை. நானும் வாறன்."

மனைவி ஒத்துக்கொண்டதுதான் ஆச்சரியம். நான் படங்களைக் காட்டினேன். கால்வாயின் இரண்டு பக்கமும் உயரமான மரங்கள், கரையோரமாக நேரான பாதை, ஆளே இல்லை. அவள் ஒவ்வொரு படத்தையும் விரலால் பெரிதாக்கி, ஓரங்களை எல்லாம் பார்த்தாள். காரைத் தேடுகிறாள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. "சரி," என்றாள்.

பயிற்சி இல்லாமல் பிரான்சுக்குப் போகக்கூடாது என்று திட்டத்தில் எழுதியிருந்தேன். மெல்பர்னுக்குக் கிழக்கே, லில்லிடேலிலிருந்து வார்பர்டன் வரை பழைய ரயில் தடம் ஒன்று சைக்கிள் பாதையாக இருக்கிறது. ஒரு சனிக்கிழமை மூன்று சைக்கிள்களையும் காரின் பின்னால் கட்டிக்கொண்டு கிளம்பினோம். நகரத்துக்குப் போகிற வெஸ்ட் கேட் பாலத்தின் மேல் ஒரு மணி நேரம் நின்றோம். முன்னால் நின்ற காரின் பின்னாலும் சைக்கிள்கள், பக்கத்துக் காரின் கூரையிலும் சைக்கிள்கள். கார் வராத பாதையைத் தேடி அத்தனை பேரும் காரில் உட்கார்ந்திருந்தோம்.

"இந்தப் பாலத்தில பஸ்ஸோட நிண்ட நேரத்தைக் கூட்டினா ஒரு வருசம் வரும். அப்ப சம்பளம் தந்தவங்கள்," என்றார் அண்ணன்.

பாதையில் நாங்கள் ஓட்டிய நேரம், காரில் இருந்த நேரத்தைவிடக் குறைவு. மனைவி முதலில் தள்ளாடினாள், பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டாள். பாதை ஊர்ச் சாலையைக் குறுக்கே கடக்கிற இடங்களில் மட்டும் இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள். ஒவ்வொரு முறையும் நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். சராசரி வேகம் குறைந்துகொண்டே வந்தது.

பிரான்சுக்குக் கிளம்பும்போது என் சைக்கிளைப் பிரித்து அட்டைப் பெட்டியில் போட்டு விமானத்தில் ஏற்றினேன். மற்ற இரண்டு பேரும் அங்கே போய் வாடகைக்கு எடுத்துக்கொண்டார்கள். என் சைக்கிளை மறுபடி பூட்டிய பிறகு ஒரு போல்ட் மிச்சம் இருந்தது. அது எங்கே போகவேண்டியது என்று கடைசிவரை தெரியவில்லை, சட்டைப் பையிலேயே இருந்தது. சுமை கூடக்கூடாது என்று ஒவ்வொரு பொருளையும் சமையலறைத் தராசில் நிறுத்து, பல் தேய்க்கிற பிரஷ்ஷின் காம்பைக்கூடப் பாதியாக வெட்டியிருந்தேன். முதல் நாள் மதியம்தான் மனைவியின் பைக்குள் ஒரு குட்டி ரைஸ் குக்கர் இருப்பது தெரிந்தது.

அது தெரிய வந்த விதம் என் திட்டத்துக்குப் பெருமை சேர்ப்பதல்ல. எத்தனை கிலோமீட்டரில் எந்தக் கிராமம், எந்தக் கிராமத்தில் எந்த உணவகம் என்று அச்சடித்து வைத்திருந்தேன். முதல் கிராமத்தில் உணவகம் மூடியிருந்தது. அன்று திங்கட்கிழமை, அங்கே கடைகளுக்கு வார விடுமுறை. ரொட்டிக்கடையும் மூடியிருந்தது. இரண்டாவது கிராமத்தில் மளிகைக்கடை மத்தியானத்துக்காகக் கதவைச் சாத்தியிருந்தது. ஒரு பூனை மட்டும் படியில் உட்கார்ந்து எங்களைப் பார்த்தது. கார் வரவில்லை, உண்மைதான். மனிதரும் வரவில்லை.

"தம்பி, ட்ராஃபிக் இல்லையெண்டு சொன்னீங்கள். சாப்பாடும் இல்லையெண்டு சொல்லேல்லையே," என்றார் அண்ணன். கோபமாக இல்லை. தகவலுக்காகக் கேட்பது போலத்தான் கேட்டார்.

கால்வாயில் படகுகளை ஏற்றி இறக்குகிற மதகு ஒன்றின் பக்கத்தில் சிறிய வீடு இருந்தது. மதகைப் பார்த்துக்கொள்கிற அம்மாள் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். என் மனைவி நேராக அவரிடம் போய், குக்கரைக் காட்டி, வயரைக் காட்டி, வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். நான் ஆறு மாதம் செயலியில் பிரெஞ்சு படித்தவன். 'ஆப்பிள் சிவப்பாக இருக்கிறது' என்று என்னால் பிழையில்லாமல் சொல்ல முடியும். அதைச் சொல்ல வேண்டிய தேவை அங்கே எழவில்லை. அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே ஜன்னல் வழியாக வயரை வாங்கிச் செருகினார். இருபது நிமிடத்தில் சோறும் பருப்புப்பொடியும் நல்லெண்ணெயும் தயார். அவருக்கும் ஒரு தட்டு கொடுத்தோம். தோட்டத்துத் தக்காளியை நறுக்கி எங்களுக்குக் கொடுத்தார்.

மூன்று நாள் இப்படிப் போனது. வழி சொல்லக் கைபேசி தேவையில்லை, தண்ணீர் போகிற பக்கம் போனால் போதும். ஆனாலும் நான் அதைக் கைப்பிடியில் மாட்டி, குனிந்து பார்த்துக்கொண்டே ஓட்டினேன். மனைவி வாத்துகளையும் படகுகளையும் பற்றி அண்ணனிடம் பேசிக்கொண்டு முன்னால் போனாள்.

நான்காம் நாள் காலை ஒரு வளைவு தாண்டியதும் பாதையின் குறுக்கே வேலி. கரை சரிந்திருந்ததால் வேலை நடந்துகொண்டிருந்தது. மஞ்சள் பலகையில் அம்புக்குறி வலது பக்கம் காட்டியது. அங்கே மேட்டில் தார்ச் சாலை. மூன்று கிலோமீட்டர் அதில் போய் மறுபடி கால்வாய்க்கு இறங்க வேண்டும். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வேன் சாலையில் பறந்து போனது.

மனைவி சைக்கிளை விட்டு இறங்கினாள். கைப்பிடியை விடாமல் நின்றாள்.

நான் கைபேசியை எடுத்தேன். "வேற வழி இருக்கு. பதினெட்டு கிலோமீட்டர் சுத்தினா வயல் வழியா... கொஞ்ச தூரம் மண் பாதை... ஏத்தம் நூத்திப் பத்து மீட்டர்..."

"கொஞ்சம் பேசாம இருங்க," என்றாள்.

பேசாமல் இருந்தேன். அண்ணன் சாலையை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்துவிட்டு வந்தார்.

"தங்கச்சி, நான் பின்னால வாறன். நடு ரோட்டில, பஸ் மாதிரி. என்னைத் தாண்டித்தான் ஒருத்தன் உங்களிட்ட வரவேணும். இருபது வருசம் எனக்குப் பின்னால நிண்டு ஹோர்ன் அடிச்சவங்களைப் பாத்திட்டன், இது எனக்குப் பழக்கம்."

அவள் ஹெல்மெட்டின் வாரை இறுக்கினாள். "நீங்க முன்னாடி போங்க," என்றாள் என்னிடம். "ஃபோனை உள்ள வைங்க."

ஏறினோம். பழக்கதோஷத்தில் நான் இடது பக்கமாகப் போக, "வலப்பக்கம், தம்பி, வலப்பக்கம்!" என்று அண்ணன் பின்னாலிருந்து கத்தினார். மூன்று கிலோமீட்டரில் நான்கு வண்டிகள் வந்தன. ஒவ்வொன்றும் அண்ணனுக்குப் பின்னால் வேகத்தைக் குறைத்து, எதிரே யாரும் இல்லை என்று பார்த்து, எதிர்ப் பக்கத்துக்கே ஒதுங்கித் தாண்டியது. கடைசியில் வந்த டிராக்டர்காரர் கையை உயர்த்தினார். திரும்பிப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அவளுடைய சக்கரத்தின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டே ஓட்டினேன்.

கால்வாய்க்கு இறங்கியதும் அவள் புல்லில் உட்கார்ந்தாள். அண்ணன் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு அவரிடம்தான் சொன்னாள்.

"மெல்பர்ன் வந்த புதுசுல நாங்க வெரிபீல இருந்தோம்ணா. கார் கிடையாது. நான் சைக்கிள்லதான் ஸ்டேஷன் போவேன். ஒருநாள் காலைல ஒரு கார் உரசிட்டுப் போயிடுச்சு, நிக்கவே இல்லை. ஓரத்துல விழுந்து கிடந்தேன். அடி பெரிசா இல்லை. ஆனா ரொம்ப நேரம் யாருமே நிக்கலை. எல்லாரும் ட்ரெயினைப் பிடிக்கப் போயிட்டே இருந்தாங்க."

"தம்பிக்குச் சொன்னீங்களோ?"

"உடனே ஃபோன் பண்ணேன். ஹெல்மெட் போட்டிருந்தியான்னு கேட்டார். ஆமான்னேன். நல்லதுன்னார். மீட்டிங் இருந்துச்சு, வச்சிட்டார்."

எனக்கு நினைவு வந்தது. கூட்டம் எதைப் பற்றி என்பது நினைவில்லை. ஹெல்மெட் என்று கேட்டது, பதில் சரியாக இருந்தது, விஷயம் முடிந்தது என்று மனதில் ஒரு டிக் போட்டது, அவ்வளவுதான் நினைவிலிருந்தது. பதினோரு வருடம் அவள் சைக்கிளைத் தொடவில்லை என்பதை நான் கவனித்திருந்தேன். அவளுக்கு உடற்பயிற்சியில் அக்கறை இல்லை என்று நண்பர்களிடம் சொல்லியும் இருந்தேன்.

"அன்னைக்கு நான் வந்திருக்கணும்," என்றேன்.

"ஆமா," என்றாள். "வந்திருக்கணும்."

அண்ணன் எழுந்து, தூரத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒருவரைப் பார்க்கப் போனார். நான் சமாதானமாக எதையோ சொல்லத் தொடங்கி, அது ஒரு கூட்டத்தின் முடிவுரை மாதிரி இருப்பதை உணர்ந்து நிறுத்திக்கொண்டேன். பிறகு அவளே எழுந்து, பசிக்கிறது என்றாள்.

மெல்பர்ன் திரும்பி ஒரு வருடமாகிறது. என் சைக்கிள் கராஜில் கொக்கியில் தொங்குகிறது. அது மிகவும் சுத்தமாக இருக்கிறது. அவள் சைக்கிள் சேறும் புழுதியுமாக வாசலில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நான்கு பெண்களோடு ஊர்ச் சாலையில் போகிறாள். அதில் அண்ணனின் மனைவியும் ஒருவர். போன மாதம் என்னையும் கூப்பிட்டார்கள். வரிசையில் கடைசி ஆளாக வர வேண்டும், கார் வந்தால் நடுவில் ஓட்ட வேண்டும், கிலோமீட்டர் சொல்லக் கூடாது என்றார்கள். போனேன். மேட்டில் அவர்கள் ஏறிப் போய்விட்டார்கள். நான் இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். மேலே போய்ச் சேர்ந்தபோது ஐந்து பேரும் ஒரு தாழ்வான கற்சுவரில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் இரண்டு சுளை வைத்திருந்தார்கள்.