இளவரசியின் தாளில் ஒரு வரி

என் இளவரசிக்கு எட்டுப் பக்க வரலாறு எழுதி வைத்திருந்தேன். ஏழு தலைமுறை அரசர்கள், பளிங்கு அரண்மனை, அதற்குள் ஒரு நூலகம். அந்த நூலகத்தில் இருக்கும் அத்தனை மொழிகளையும் படிக்கத் தெரிந்த ஒரே பெண் என் இளவரசிதான். மந்திரங்களைக்கூட அகர வரிசையில் அடுக்கியிருந்தேன். புதிதாக வந்தவளோ தன் பாத்திரத்தை டீ ஆறுவதற்குள் நாலே வரியில் எழுதி முடித்தாள். அன்று முழுக்க எல்லோரும் அந்த நாலு வரியைப் பற்றித்தான் பேசினார்கள்.

தேனியில் ஒரு தனியார் பள்ளியில் நான் கணக்கு எடுக்கிறேன். அங்கே வேதியியல் எடுக்கும் சார், கோயம்புத்தூரில் படித்தபோது, கதை சொல்லியே ஆடும் ஒரு விளையாட்டைப் பழகி வந்தவர். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அவர் வீட்டு மாடியில் மேசையைச் சுற்றி உட்காருவோம். பலகையோ காய்களோ கிடையாது. அரக்கர்களும் மந்திரக்காரர்களும் உலவும் ஒரு நாட்டின் கதையை சார் நடத்துவார். நாங்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை உருவாக்கி, தாளில் எழுதி, அந்த ஆளாகவே பேசுவோம். நினைத்த காரியம் நடக்குமா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை சொல்லும்.

எங்கள் மேசையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பாத்திரம் மறக்க முடியாத காரியம் எதையாவது செய்தால், மற்றவர்களில் ஒருவர் அந்தத் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் ஒரு வரி எழுதுவார். தனக்குத் தானே எழுதிக்கொள்ளக் கூடாது. சாரின் கூட்டாளியான செல்போன் கடைக்காரர் ஒரு போர்வீரனாக ஆடுகிறார். அவர் தாளில் மூன்று வரிகள் இருந்தன. அதில் ஒன்று, ஆட்டுக்கிடாவுக்குப் பயந்து மரத்தில் ஏறியதற்காகக் கிடைத்தது. என் தாளின் பின்பக்கம் எட்டு மாதமாக வெறுமையாக இருந்தது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தாள் என்று ஒன்றைக் கையில் கொடுத்தால் முதல் மார்க் வாங்கிப் பழகியவள். வெற்றுத் தாள் எனக்குப் பழக்கமில்லை.

புதிதாக வந்தவள் எங்கள் பள்ளியின் ஆங்கில ஆசிரியை. என்னைவிட இரண்டு வயது இளையவள். அப்பா போடியில் ஏலக்காய் வியாபாரி. வந்த முதல் நாளே கைப்பையிலிருந்து ஏலக்காயை எடுத்து நசுக்கி எல்லோருடைய டீயிலும் போட்டாள். பிறகு எழுதியதைப் படித்தாள்: “மலைக்காட்டில் ஏலக்காய் பறிக்கும் கூலிக்காரி. எதற்கும் பயப்பட மாட்டாள். பாடுவாள். ஒரு கூடை, ஒரு கத்தி.”

“மிஸ், இதுதான் ஆளு! கண்ணு முன்னால வந்து நிக்கிறா” என்றார் சார்.

எனக்கு டீ கசந்தது. என் அம்மா பத்தொன்பது வருடம் கம்பத்திலிருந்து ஜீப்பில் ஏறிக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போனவர். நான் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான், மூட்டுவலி முற்றி, போவதை நிறுத்தினார். அந்தக் கூலிக்காரி என் வீட்டு ஆள். நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தவள். வைத்திருந்தேன் என்பது சரியில்லை, ஒளித்திருந்தேன். நான் ஒளித்ததை ஏலக்காய்க் கடைக்காரர் மகள் சிரித்துக்கொண்டே எடுத்து மேசையில் வைத்துவிட்டாள். அன்றே ஒரு வரியும் வாங்கிவிட்டாள். அரக்கனுக்குத் தாலாட்டுப் பாடித் தூங்க வைத்தாளாம்.

மூன்றாவது ஞாயிறு. கதையில் நாங்கள் ஒரு காட்டுக்குள் இருந்தோம். போர்வீரனை விஷப்பூச்சி கடித்துவிட்டது. அந்தக் காட்டில் மட்டும் விளையும் நீல ஏலக்காயைத் தின்னக் கொடுத்தால் பிழைப்பான் என்றார் சார். அவளுக்காகவே சேர்த்த மருந்து என்பது எனக்குப் புரிந்தது.

“நான் அண்ணாந்து பாக்குறேன். உச்சிக் கெளையில கொத்தாத் தொங்குது. எட்டிப் பறிக்கிறேன்” என்று சொல்லிப் பகடையை உருட்டினாள். இருபது. அதற்கு மேல் எண் கிடையாது. ஆண்கள் இருவரும் கைதட்டினார்கள். செல்போன் கடைக்காரர் பேனாவை எடுத்து அவள் தாளைத் திருப்பினார்.

“அங்கன காய்க்காது” என்றேன்.

“என்னது மிஸ்?”

“ஏலக்காய் மேல காய்க்காது. தூருல, மண்ண ஒட்டிக் காய்க்கும். அதுக்குக் கெளையே கெடையாது.”

“அக்கா, எங்க கடையில மூட்டை மூட்டையாக் கெடக்கு. கண்ண மூடிக்கிட்டுத் தடவிப் பாத்தே காயோட பருமன் எட்டு எம்எம்மா ஏழு எம்எம்மான்னு சொல்லுவேன்.”

“மூட்டையில பாத்திருப்ப. செடியில பாத்திருக்கியா?”

ஒரு கணம் யோசித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “அய்யய்யோ, இல்லக்கா! அட்டை கடிக்கும்னு எங்கப்பா தோட்டத்துப் பக்கமே விட்டதில்ல.”

“ஆத்தாமாரே, நீங்க செடியப் பத்திப் பேசி முடிக்கிறதுக்குள்ள எனக்கு வாயில நொரை தள்ளிரும்” என்றார் செல்போன் கடைக்காரர்.

சார் நியாயஸ்தர். “மிஸ் சொல்றது சரின்னா, இருபதே விழுந்தாலும் மேல காய் கெடையாது. கீழ பாக்கணும். ஆனா கூலிக்காரி மேலதான்னு சொல்லிட்டா. கதைக்குள்ள வேற யாருக்கு அது தெரியும்?”

“எனக்கு.”

“ஒங்களுக்குத் தெரியும் மிஸ். இளவரசிக்கு எப்பிடித் தெரியும்?” என் எட்டுப் பக்கங்களைப் புரட்டி இரண்டாம் பக்கத்தில் விரலை வைத்துப் படித்தார். “‘மண்ணில் கால் பதியாமல் வளர்ந்தவள்.’ நீங்க எழுதினதுதான்.”

ஆடுகிறவருக்குத் தெரிந்தது வேறு, பாத்திரத்துக்குத் தெரிந்தது வேறு. இந்த விளையாட்டின் முக்கியமான விதி அது. அதைச் சொல்லி நானே செல்போன் கடைக்காரரைப் பலமுறை மடக்கியிருக்கிறேன்.

அவர் கையிலிருந்த பேனாவை வாங்கினேன். அவரைப் பிழைக்க வைக்கும் எண்ணமெல்லாம் எனக்கு இல்லை. அந்த வரி அவளுக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான். இரண்டாம் பக்கத்தின் அந்த வரியை அடித்தேன். அதற்கு மேலிருந்த ஏழு தலைமுறையையும் அடித்தேன்.

“இவ அரசி மக இல்ல. மலையில காய் எடுக்கிறவக மக. அரண்மனைக்குப் படிக்க வந்தவ. இளவரசின்னு சொல்லிக்கிட்டா.”

“ஏன் மிஸ் அப்பிடிச் சொன்னா?”

“இப்ப அதுவா முக்கியம்? ஒருத்தருக்கு நொரை தள்ளுது.”

யாரும் சிரிக்கவில்லை. அவள் மட்டும் என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள். “அக்கா, இதெல்லாம் ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“எங்கம்மா பத்தொம்பது வருசம் காய் எடுக்கப் போனாக.”

சொல்லிவிட்டேன். வானம் இடிந்து விழவில்லை. சார் தலையாட்டினார். ஆனால் அந்த இடத்தைக்கூட அவள் எனக்கு விடவில்லை. சட்டென்று தன் கூலிக்காரியின் குரலுக்கு மாறி, “ஏத்தா, நீயும் நம்ம ஊருதானா? அப்ப அந்தப் பட்டுப்பாவாடையத் தூக்கிச் சொருகிக்கிட்டு வா, குனிவோம்” என்றாள். செல்போன் கடைக்காரர் சாகக் கிடப்பதை மறந்து மேசையைத் தட்டிச் சிரித்தார். நான் எட்டு மாதம் எழுதியதை அடித்துச் சம்பாதித்த கணம் அது. அதையும் அவள் ஒரே வாக்கியத்தில் தன்னுடையதாக்கிக்கொண்டாள்.

இருவரும் குனிந்தோம், பகடை உருட்டினோம், காய் கிடைத்தது, போர்வீரன் பிழைத்தான். செல்போன் கடைக்காரர் இரண்டு தாள்களையும் திருப்பி எழுதினார். என் தாளில், “குனிந்து என் உயிரைக் காப்பாற்றினாள்.” அவள் தாளில், “குனிந்து, சிரித்துக்கொண்டே என் உயிரைக் காப்பாற்றினாள்.”

அவளுக்கு ஒரு சொல் கூடுதல். சின்னமனூர் தாண்டி உத்தமபாளையம் வரும்வரை பேருந்தில் அந்த ஒரு சொல்லையே நினைத்துக்கொண்டு வந்தேன். பிழைத்தவனுக்கு யார் சிரித்தால் என்ன?

காமயகவுண்டன்பட்டியில் வீட்டுக்குள் நுழைந்ததும், மொச்சை உரித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் தாளை நீட்டி, கதையைச் சொல்லி, என் வரியை வாசித்துக் காட்டினேன். முதல் மார்க் அட்டையை வாசிப்பதுபோலத்தான் வாசித்தேன்.

“குனிஞ்சா?” என்றார் அம்மா. “எதுக்குக் குனிஞ்சீக?”

“காய் எடுக்க.”

“கூறு கெட்டவளே, நாளெல்லாம் குனிஞ்சு நின்னா இடுப்பு என்னத்துக்கு ஆகும்? தூருக்கிட்ட உக்காந்து, அப்பிடியே நகண்டு நகண்டுதான் எடுப்போம். நீ எங்கன பாத்த? ஒரு நாளாச்சும் ஒன்னயத் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போயிருக்கனா?”

போனதில்லை. நான் படிக்க வேண்டும் என்று ஒரு நாள்கூட அம்மா என்னை ஜீப்பில் ஏற்றியதில்லை. அந்த வியாபாரி மகள் மூட்டையில் பார்த்தாள். நான் அம்மாவின் பேச்சிலும் கறைபடிந்த விரல்களிலும் பார்த்தேன். செடியில் இருவருமே பார்த்ததில்லை. அம்மா மொச்சைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, வலிக்கும் மூட்டோடு தரையில் உட்கார்ந்து, இடது கையால் இல்லாத இலைகளை விலக்கி, வலது கையால் எடுத்துக்கொண்டே இரண்டு அடி நகர்ந்து காட்டினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். “ஒக்காந்து பாரு” என்றார். உட்கார்ந்தேன்.

மறுநாள் ஆசிரியர் அறையில் அவள் என் நாற்காலியைத் தேடி வந்தாள். “அக்கா, வேற என்னெல்லாம் தெரியும்? சொல்லுங்களேன், என் ஆளுக்கு வச்சுக்கிறேன்.”

“அம்புட்டுதான் தெரியும்” என்றேன்.

அவளுடைய கூலிக்காரி இன்றுவரை குனிந்துதான் எடுக்கிறாள். என் தாளில், அடித்த வரிக்குப் பக்கத்தில், ‘உட்கார்ந்து நகர்ந்து எடுக்கத் தெரிந்தவள்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். இதுவரை அதை நான் மேசையில் பயன்படுத்தவில்லை. பயன்படுத்தினால் அவளும் எடுத்துக்கொள்வாள், என்னைவிட நன்றாகச் செய்வாள், எல்லோரும் சிரிப்பார்கள். அம்மா எனக்கு மட்டும் காட்டியது அது.