பாட்டில் சாஸும் என் தாளிப்பும்

எந்தத் தின்பண்டத்தைக் கண்டாலும் முதலில் மோந்து பார்ப்பேன். அப்புறம் விரலால் தொட்டு நாக்கில் வைப்பேன். அதில் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் எனக்கு மனசு ஆறும். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, தால்சாவில் மாங்காயை எப்போது போட்டீர்கள் என்று பரிமாறுகிறவரைக் குடைந்து எடுத்திருக்கிறேன். இப்படிப்பட்டவள், கட்டிய கணவர் வெளிநாட்டில் என்ன வேலை பார்க்கிறார் என்று ஏழு வருஷம் சரியாகத் தெரிந்துகொள்ளாமல் இருந்தாள் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

கேட்காமல் இருக்கவில்லை. லீவில் வரும்போதெல்லாம் கேட்பேன். "ஹோட்டல்லதான்" என்பார். ஹோட்டலில் என்ன வேலை என்றால், "எல்லாத்தையும் பாத்துக்கணும்" என்பார். என்னைப் பெண் கேட்டு வந்தபோது மாமியார், மகன் துபாயில் பெரிய ஹோட்டலில் மேனேஜர் என்றுதான் சொன்னார். அதைக் கேட்டுத்தான் எங்கள் அத்தா தலையை ஆட்டினார். வயல் உள்ளவர்கள்கூட ஒரு போகத்தை விட்டுவிட்டு பாஸ்போர்ட்டுக்கு அலைந்த காலம் அது. எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு ஆள் கடல் தாண்டியிருந்தார். எல்லோரும் மேனேஜர், சூப்பர்வைசர். அப்படியானால் அங்கே வேலை பார்ப்பது யார் என்று மற்ற வீட்டு ஆட்களைப் பற்றி நான் கிண்டலடிப்பேன். என் வீட்டுக்காரரிடம் மட்டும் அந்தக் கிண்டல் வராது. கேட்டதுமே அவர் முகம் மாறிவிடும். அங்கே ஏதோ சிக்கலோ, இன்னொரு குடும்பமோ இருக்கிறதென்று என் மனசு தறிகெட்டு ஓடும். உண்மையாகவே பயந்துகொண்டுதான் இருந்தேன்.

அந்தத் தடவை லீவுக்கு வந்தபோது பெட்டியில் பால்பவுடர், தைலம், சோப்பு எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு கண்ணாடிப் பாட்டில் இருந்தது. உள்ளே தயிரும் இல்லாத, வெண்ணெயும் இல்லாத, வெள்ளையாக ஒன்று. நான் வெட்டிவைத்த வெள்ளரிக்காயை அதில் தோய்த்து மகளிடம் கொடுத்தார். பச்சைக் காய் என்றாலே ஓடுகிற பிள்ளை, கேரட், முட்டைக்கோஸ் என்று கேட்டுக் கேட்டுத் தின்றது. அதற்கு வெள்ளை ஜாம் என்று பெயரும் வைத்தது. ஒரே வாரத்தில் பாட்டில் காலி. பிள்ளை அழ ஆரம்பித்தது.

நான் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்து, எனக்குத் தெரிந்த இங்கிலீஷை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். எண்ணெய், முட்டை, வினிகர், கடுகு, சர்க்கரை, உப்பு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனையும் என் அடுப்படியில் கிடக்கிறது! அதுவும் முட்டையும் எண்ணெயும் எனக்குத் தெரியாததா? நான் பெரிய மனுஷி ஆனபோது, நாட்டுக்கோழி முட்டையை உடைத்து நல்லெண்ணெயோடு சேர்த்து, மூக்கைப் பிடித்து என் தொண்டையில் ஊற்றினார்களே! அதையே துபாயில் பாட்டிலில் அடைத்து விற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மாமியார் ஒரு கல்யாணத்துக்காக நாகப்பட்டினம் போயிருந்தார். பச்சை முட்டை என்றாலே முகம் சுளிக்கிறவர். அவர் இல்லாத நாள்தான் எனக்குத் தோது. வீட்டுக்காரர் ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பியதும் ஆரம்பித்தேன். நான்கு முட்டை, ஒரு டம்ளர் நல்லெண்ணெய், வினிகருக்குப் பதில் எலுமிச்சம்பழம், எல்லாவற்றையும் மிக்ஸியில் கொட்டி ஓட்டினேன். மோர் மாதிரி நீர்க்க நின்றது. கெட்டியாகவில்லையே என்று யோசித்தபோது, கடுகு போட மறந்தது ஞாபகம் வந்தது. கடுகு என்றால் தாளிப்புதானே? தயிர்ப் பச்சடிக்குத் தாளிக்கிறோம், மோர்க்குழம்புக்குத் தாளிக்கிறோம், இது மட்டும் என்ன உசத்தி? கரண்டியில் எண்ணெய் காயவைத்து, கடுகு வெடித்ததும் கருவேப்பிலையைக் கிள்ளிப் போட்டு, சூட்டோடு சூடாக அதன் தலையில் கொட்டினேன். சொய் என்றது. முட்டை திரிதிரியாக வெந்து, எண்ணெய் தனியே மேலே வந்து நின்றது. கருவேப்பிலை மட்டும் அழகாக மிதந்தது.

அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதே இவர் தொழுதுவிட்டு வந்துவிட்டார். மகள் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினாள்.

"என்ன புள்ள இது?"

"உங்க வெள்ளை ஜாம்."

"கடுகு தாளிச்சியா?"

"பாட்டில்ல போட்டிருக்குல்ல, கடுகுன்னு!"

சுவரில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எனக்குக் கோபம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். அப்புறம் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, அந்த வீட்டில் அடுப்படி வாசலைத் தாண்டியே இராத மனுஷன், உள்ளே வந்தார்.

"இதை விட்டுரு, இது தேறாது. பாக்கெட் எண்ணெய் இருக்கா? நல்லெண்ணெய் வேண்டாம், அதோட வாசனைதான் நிக்கும்."

டிவி விளம்பரத்தைப் பார்த்து வாங்கிய சூரியகாந்தி எண்ணெய் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். மேடையில் இடத்தைத் துடைத்தார். ஒரு துணியை நனைத்துப் பிழிந்து, சும்மாடு மாதிரி வளையமாகச் சுற்றி வைத்து, அதன்மேல் கிண்ணத்தை உட்காரவைத்தார். கிண்ணம் அசையவே இல்லை. மஞ்சள் கருவை மட்டும் பிரித்து அதில் விட்டு, தாளிக்காத கடுகைப் பொடித்து ஒரு சிட்டிகை, உப்பு, எலுமிச்சைச் சாறு சேர்த்தார். வலது கையில் முள்கரண்டி சுழல, இடது கையால் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டார்.

"மொத்தமா ஊத்துனா இது வாங்காது. கொஞ்சம் கொஞ்சமாக் குடுக்கணும். இது முழுங்கிட்டு அடுத்ததுக்குக் காத்திருக்கும், அப்பத்தான் விடணும்."

கண்ணெதிரில் அது வெளுத்துக் கெட்டியானது. எண்ணெய் எங்கே போயிற்று என்று நான் கிண்ணத்துக்குள் தலையை விடாத குறை. நேற்றைய தயிரைத் துணியில் வடிகட்டச் சொல்லி, அதையும் நசுக்கிய பூண்டையும் மிளகுத்தூளையும் சேர்த்துக் கலந்தார். பாட்டிலில் இருந்ததைவிட வாசனையாக இருந்தது.

ஆனால் நான் அப்போது சாஸைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அரிவாள்மனையைத் தள்ளிவிட்டுக் கத்தி கேட்டார். மழுங்கிப்போன கத்தியைப் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து அதன் அடியில் நாலு இழுப்பு இழுத்துத் தீட்டினார். விரல்நுனியை உள்ளே மடக்கிக்கொண்டு வெள்ளரிக்காயை வெட்டிய வேகத்தில் எனக்கு நெஞ்சு பதறியது. துண்டெல்லாம் ஒரே அளவு. ஒரு ஸ்பூனில் ருசி பார்த்து அதைத் தொட்டியில் போட்டுவிட்டு, அடுத்த ருசிக்கு வேறு ஸ்பூன் எடுத்தார். கிண்ணத்தின் விளிம்பைத் துணியால் ஒரு சுற்றுத் துடைத்தார். இதெல்லாம் அங்கே ரூமில் நாலு பேர் சேர்ந்து ஆக்கித் தின்று வருகிற பழக்கம் இல்லை. கை யோசிக்கவே இல்லை, அதுபாட்டுக்கு வேலை செய்தது.

கலக்கிக்கொண்டே, நிமிராமல் கேட்டார்: "எத்தனை பேருக்கு?"

வீட்டில் இருந்ததே நாங்கள் மூன்று பேர். கேட்ட பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. கை நின்றது. நான் மகளிடம் ஒரு கிண்ணத்தைக் கொடுத்து வெளியே அனுப்பினேன்.

"என்னங்க, அங்க நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

வழக்கமாக மாறுகிற முகம் இந்தத் தடவை மாறவில்லை. மாற இடமில்லை.

"சாலட் செக்‌ஷன். காய் வெட்டுறது, இந்த மாதிரி கலக்கி வைக்கிறது. ஐஸ் ரூம் பக்கத்துல விடியுமுன்ன போய் நின்னா ராத்திரிதான். அங்க போன நாள்லேர்ந்தே அதுதான்."

"மேனேஜர்?"

"அது உம்மா சொன்னது. பந்திக்கு ஆக்குற பண்டாரியைப் பின்வாசலோட அனுப்புற வீடு எங்க வீடு. மவன் வெளிநாட்டுல காய் வெட்டுறான்னு எப்படிச் சொல்லும்? நிக்காஹ்வுக்கு அப்புறம் ஒவ்வொரு லீவுலயும் சொல்லிரலாம்னுதான் வருவேன். மேனேஜர்னு நம்பித்தானே கட்டிக்கிட்டே, மொகத்தைத் திருப்பிக்குவியோன்னு..."

இன்னொரு குடும்பம் இல்லை, வழக்கு இல்லை, வம்பு இல்லை. வெள்ளரிக்காய்! முதலில் உடம்பே லேசானது. அடுத்த நிமிஷம் கோபம் பொங்கியது. வேலையை நினைத்து அல்ல. அப்படி ஒரு கையை வைத்துக்கொண்டு அதை மறைத்தாரே என்றுதான்.

"உம்மாகிட்ட இப்பச் சொல்லாதே" என்றார்.

"நான் ஏன் சொல்லணும்? உங்க வேலை, நீங்கதான் சொல்லணும்" என்றேன். "ஏழு வருஷமா நான் போன்ல யாருகூடங்க பேசினேன்?"

அவருக்குப் புரியவில்லை. எனக்குத்தான் புரிந்தது. எஸ்டிடி பூத் கண்ணாடிக் கதவை மூடிக்கொண்டு, மீட்டர் ஓட ஓட, ஏசியில் உட்கார்ந்தே இருக்காதீங்க, முதுகு பிடித்துக்கொள்ளும், நடுநடுவே எழுந்து நடங்க என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! விடிவதற்கு முன்னால் போய் ராத்திரி வரைக்கும் நின்ற மனுஷன் அந்தப் பக்கம் "சரி புள்ள" என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். என் அக்கறை எல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த யாரோ ஒருவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. நின்றவரை ஒருத்தரும் விசாரிக்கவில்லை. அழுகை வந்தது. அழுதேன்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டேன்: "நின்னுக்கிட்டே இருந்தா கால் வலிக்குமா?"

அவர் கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். கைலியை முழங்கால் வரைக்கும் ஏற்றிக் காலை நீட்டினார். கெண்டைக்காலில் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தது. அதை நான் முன்பே பார்த்திருக்கிறேன். அவருடைய அத்தாவுக்கும் இருந்ததால் பரம்பரை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இங்கதான்" என்று விரலை வைத்துக் காட்டினார்.