ஓதிலியாவின் கம்பளிக் காலுறை

எலீஹியோ த்ஸோக் நெருப்புக்குப் பயப்படுகிறவன் இல்லை. பத்து வருடமாக ரொட்டி அடுப்பின் வாயில் நின்று, நீளமான மரத்துடுப்பால் சோம்பு போட்ட ஷேக்கா ரொட்டிகளைத் தள்ளியும் இழுத்தும் முழங்கை வரை ரோமம் கருகிப்போனவன். ஆனால் யாராவது ஒருவர் பேச்சுவாக்கில் 'பொன்னுக்கு வீங்கி' என்று சொன்னால் போதும், அவன் அந்த இடத்தில் நிற்க மாட்டான்.

கல்யாணமாகி நான்கு வருடம். குழந்தை இல்லை. உடம்பில் ஏறிய குளிர்தான் காரணம் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. குளிர் யாரிடம் இருக்கும்? நாள் முழுக்க அடுப்பில் வேகிறவனிடமா? அவன் உடம்பே அனல். அப்படியானால் அவன் பெண்டாட்டி ஓதிலியாவின் கருப்பையில்தான் குளிர் ஏறியிருக்க வேண்டும். விஷயம் அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது. எங்கள் மலையில் இந்த மாதிரி விஷயம் எந்தப் பக்கம் தொடங்கினாலும் பெண் தலையில்தான் போய் முடியும்.

எலீஹியோவின் அம்மா தோமாசா குளிர்ச்சி என்று மருமகளுக்கு எலுமிச்சையை நிறுத்தினாள், பன்றிக்கறியை நிறுத்தினாள், அவகாடோவை நிறுத்தினாள். முழங்கால் வரை ஒரு ஜோடி கம்பளிக் காலுறை பின்னிக் கொடுத்து, தூங்கும்போதுகூடக் கழற்றக் கூடாது, வெறுங்கால் சிமென்ட் தரையில் படவே கூடாது என்றாள். வியாழன் தோறும் மருத்துவச்சி இலாரியா வந்து வயிற்றை எண்ணெய் விட்டுப் பிசைவாள். பிறகு கொல்லையிலிருக்கும் ஆவிக்குளியல் குடிலுக்குள் ஓதிலியாவை அனுப்பி, பழுத்த கல்லில் தண்ணீர் ஊற்றிக் கதவைச் சாத்துவார்கள். ஓதிலியா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை. பிள்ளை வேண்டும் என்ற ஆசை அவளுக்கும்தானே இருந்தது.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ரொட்டி வாங்க வருகிறவர்கள் சிரித்துக்கொண்டே கேட்பார்கள்.

"ஏம்பா எலீஹியோ, ஒன் கடையில மாவு நல்லாத்தான் உப்புது. வீட்ல மட்டும் ஏன் உப்ப மாட்டேங்குது?"

அவனும் சிரிப்பான். திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான், வாய் விட்டு அலற முடியாது.

பத்தொன்பது வயதில் அவன் கடற்கரைப் பக்கம் கரும்பு வெட்டப் போயிருந்தான். கொட்டகையில் முந்நூறு பேர். ஒரு நாள் காலையில் இரண்டு கன்னமும் பூசணி மாதிரி வீங்கிவிட்டன. பக்கத்துப் பாயில் கிடந்த ஒரு வயதான வெட்டுக்காரர் சொன்னார்: "அசையாம படுத்துக்க தம்பி. வேல செஞ்சா வீக்கம் கீழ எறங்கிரும். எறங்குனவனுக்குப் புள்ள கெடையாது." படுத்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அவன் கத்தியை எடுத்துக்கொண்டு போனான். ஐந்தாம் நாள் வீக்கம் கீழே விதைக்கு இறங்கியது. காய்ச்சலோடு காலை அகட்டி அகட்டி நடந்தான், யாரிடமும் சொல்லவில்லை. வலி போனபோது ஒரு பக்கத்து விதை அவரைக்கொட்டை அளவுக்குச் சுருங்கிப்போயிருந்தது. பன்னிரண்டு வருடமாக அந்த ரகசியத்தை அவன் தன்னோடே வைத்திருக்கிறான்.

அந்த வாரம் அம்மா அடுப்படிக்கு வந்து நின்றாள்.

"ஞாயித்துக்கெழமைக்குப் பெரிய கூடை நெறைய ரொட்டி போடு. நல்ல ரொட்டியாப் போடு."

"யாருக்கும்மா?"

"ஓதிலியாவோட அப்பனுக்கு. பொண்ணு கேக்கப் போனப்ப ரொட்டியோடதானே போனோம், திருப்பி விடறப்ப வெறுங்கையோட போவாங்களா? தோன் காசிமீரோகிட்ட சொல்லிட்டேன். அன்னிக்கு நமக்காகப் பொண்ணு கேட்டுப் பேசுனவரே வந்து பேசட்டும்."

அவன் மாவைக் கொட்டிப் பிசையத் தொடங்கினான். ஓதிலியாவை இழந்துவிடுவோம் என்ற பயம் ஒரு பக்கம். உண்மை தெரிந்தால் ஊரில் ஆண்பிள்ளை என்று நடமாட முடியாதே என்ற பயம் இன்னொரு பக்கம். இரண்டாவது பயம்தான் பெரிதாக இருந்தது. கேவலம்தான், ஆனால் அப்படித்தான் இருந்தது.

வியாழக்கிழமை ஆவிக்குடிலுக்குள் ஓதிலியா மயங்கி விழுந்தாள். எலீஹியோ அவளைத் தூக்கிக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு ஓடினான். அங்கே ஊரார் 'செனோ' என்று கூப்பிடும் நர்ஸ் பிரெந்தா அவளுக்கு உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துவிட்டு விசாரித்தாள்.

"மாசம் தவறாம வருதா? நாள் தள்ளிப் போகுதா? வலி உயிர் போற மாதிரி இருக்குமா?"

"நாள் தவறாது செனோ. வலியும் அவ்வளவா இல்ல."

"நாலு வருஷம் ஏன் சும்மா இருந்தீங்க? ஒரு வருஷம் பாத்துட்டு வந்திருக்கணும். முப்பத்தஞ்சு வயசு தாண்டுனவங்கன்னா ஆறு மாசத்துலயே வரணும். வந்தா ரெண்டு பேரையும் பாக்கணும்." நர்ஸ் அவன் பக்கம் திரும்பினாள். "ஒனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்திருக்கா? விதையில வீக்கம், அடி, ஆபரேஷன் ஏதாவது?"

"இல்ல."

அவள் கேட்டு முடிக்கும் முன்பே அந்த 'இல்ல' வந்து விழுந்துவிட்டது. நர்ஸ் அவனை ஒரு நிமிடம் பார்த்தாள்.

"வந்திருந்தாலும் அதோட கதை முடிஞ்சுதுன்னு இல்ல. ஒரு பக்கம் கெட்டா இன்னொரு பக்கம் இருக்கும். ஷேலா டவுன் ஆஸ்பத்திரியில விந்து பரிசோதனை பண்ணாத்தான் தெரியும். அப்புறம், நாள் பூரா அடுப்புச் சூட்டுல நிக்கிறது ஆம்பளைக்கு நல்லதில்ல, தெரியுமா?"

அவனுக்குத் தெரியாது. எந்தச் சூட்டைக் காட்டி ஊர் அவனைக் காப்பாற்றி வைத்திருந்ததோ, அந்தச் சூடே அவனுக்கு எதிரான சாட்சியாக வந்து நின்றது. வீடு திரும்பும் வழியெல்லாம் ஓதிலியா அவன் தோளைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தோன் காசிமீரோ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கூடை தயாராக இருந்தது. அந்த ரொட்டி முழுக்க எலீஹியோ போட்டதுதான், ஒன்றுகூடக் கருகவில்லை. தன் துணிமூட்டையைக் கட்டி வைத்துவிட்டு ஓதிலியா சுவரோரமாக நின்றாள்.

"ஒன் மேல தப்பு சொல்லலம்மா," என்றார் காசிமீரோ. "குளிரு யார் கையில இருக்கு?"

"சரிங்க," என்றாள் ஓதிலியா. "என்னால முடிஞ்சதெல்லாம் செஞ்சேன்."

காசிமீரோ எழுந்து கூடையைத் தூக்கினார். எலீஹியோ வாசலை மறித்து நின்றான்.

"கூடையக் கீழ வைங்க. அவகிட்ட ஒரு கொறையும் இல்ல. எனக்குத்தான். கரும்பு வெட்டப் போனப்பப் பொன்னுக்கு வீங்கி வந்து கீழ எறங்கிருச்சு. எனக்கு அப்பவே தெரியும்."

காசிமீரோ கூடையைக் கீழே வைத்துவிட்டுத் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஓதிலியா கேட்டாள்: "போன வியாழக்கெழம, நான் குடிலுக்குள்ள கெடந்தப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். குனிந்து ஒரு காலுறையை உருவினாள், மற்றதையும் உருவினாள். இரண்டையும் மடித்து அவன் கையில் வைத்தாள். வருடக்கணக்கில் வெயில் படாமல் அவள் பாதம் வெளிறிப்போயிருந்தது. அந்தப் பாதத்தைச் சிமென்ட் தரையில் அழுத்தி வைத்தாள்.

"நாளைக்கு ஷேலாவுக்கு மொத பஸ் எத்தன மணிக்கு?"

"ஆறு மணிக்கு."

"போலாம். நர்ஸ் சொன்ன சோதனையப் பண்ணு. அது என்ன சொன்னாலும் சரி. அங்கேருந்து நான் இங்க வர்றதா, எங்கப்பா வீட்டுக்குப் போறதான்னு பஸ்ஸுல யோசிக்கிறேன்."

அவள் வெறுங்காலோடு நடந்து போய் மூட்டையை எடுத்து வாசல் பக்கத்தில் வைத்தாள். அதைப் பிரிக்கவில்லை. எலீஹியோ காலுறையைப் பிடித்தபடி நின்றான். அது இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. அவன் கைதான் சில்லிட்டுப் போயிருந்தது.