காற்றை நிறுத்திய பெயர்

மலேசியாவில் சாஆ என்ற ஊரின் சிற்றாலயத்தில் ஒரு மூப்பரைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. தன் அப்பாவின் நினைவாக மின்விசிறி வாங்கிக் கொடுத்து, பெயரை இறக்கைகளிலேயே எழுத வைத்தவர். சுற்றினால் பெயர் தெரியாதே! அதனால் பிரசங்கம் தொடங்கியதும் போய் அணைத்துவிடுவார். சபையே வேர்வையில் குளிக்கும்.

ஒரு ஞாயிறு சுவிட்சருகிலேயே மறித்து, ஏன் அணைக்கிறார் என்று கேட்டேன்.

“எங்கப்பா எஸ்டேட்ல பட்டினி கெடந்தும் ஜெபத்த விடாதவரு. வெயில்ல தன் தொப்பியக்கூட அடுத்தவங்களுக்குக் குடுத்துருவாரு. அவரு பேரு நெலைக்க வேணாமா?” என்றார்.

“அவரு இருந்திருந்தா, நம்ம வேர்க்கறதப் பாத்து அவரே காத்தாடியப் போட்டிருப்பாரு லா.”

“ஆமா, அவரு அப்படித்தான்!”

பெருமையில் கலங்கிய கண்களைத் துடைத்துக்கொண்டார். பிறகு சுவிட்சை அணைத்தார்.