ரெண்டாவது ஆளோட ஸ்டார்ட் பட்டன்

மொதல்ல போனது லெஃப்ட் தான்.

பீட்டர் அண்ணன் ஆடிக்கினு இருந்தாரு. ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டறவரு, எங்க அண்ணன் பாபுவோட ஃப்ரெண்டு. ஒரு ட்ரிப்புக்கும் அடுத்த ட்ரிப்புக்கும் நடுவுல எங்க வீட்டு முன் ரூமுக்கு வந்து ஒரு ஆட்டம் போட்டுட்டு போவாரு. அங்க தான் எங்க கேம் மெஷின் இருக்குது. அன்னிக்கு நல்ல மழ. அவரு ஜாய்ஸ்டிக்க லெஃப்ட்ல இழுக்கறாரு, திரையில இருக்கற ஆளு நவுரவே மாட்டேங்கறான். எதிராளி அவன் மூஞ்சியிலயே குத்திக்கினு இருக்கறான்.

"இன்னா தங்கச்சி, என் ஆட்டோவே பரவால்ல போல. அது ரிவர்ஸ் தான் எடுக்காது. உன் பொட்டி லெஃப்ட்டே போவ மாட்டேங்குதே."

நான் சிரிச்சேன். அவரும் சிரிச்சாரு. மெஷின் எதுனா மக்கர் பண்ணா "டேய் பாபு, இங்க வா"ன்னு தான் கூப்புடுவாரு. அன்னிக்கும் அவருக்கு வாய் வரைக்கும் வந்துடுச்சு. நான் பாத்தேன்.

பாபு எங்கள உட்டு போயி அப்ப மூணு மாசம் கூட ஆவல. மஞ்ச காமால. படுத்தான், அவ்வளவு தான். எழுந்துக்கல.

கேம் மெஷின் வேலைக்கு புதுசா வர்றவங்களுக்கு ஒதவும்னு தான் இத்த எழுதறேன். நான் எட்டாவது வரைக்கும் தான் படிச்சேன். பேசற மாதிரி தான் எழுத வரும்.

பொட்டி வந்த கத

எங்கப்பா தறி நெய்யறவரு. தறி பின் ரூம்ல. பாபுவையும் சின்ன வயசுலயே தறியில குந்த வெச்சாரு. ஒரு பாவு, அதான் தறியில நீளமா கட்டற இழைங்க, நெய்ஞ்சி முடிஞ்சி புது பாவு போடும் போது, பழைய இழையோட நுனியில புது இழையோட நுனிய வெச்சி ஒவ்வொண்ணா திரிக்கணும். பட்டு வழுக்கும். அதனால வெரல்ல சாம்பல் தொட்டுக்குவாங்க. தறிக்கு பக்கத்துல கொட்டாங்குச்சியில சாம்பல் எப்பவும் இருக்கும்.

பாபு திரிச்சது அறுந்துக்கினே இருக்கும். ஒரு நாள் அப்பா கோவத்துல, "இத்தன வருசம் பக்கத்துலயே குந்திக்கினு இருந்த, உன் கையில ஒண்ணுமே ஒட்டலயேடா"ன்னு சொல்லிட்டாரு.

மறுநாளே பாபு பஸ் ஸ்டாண்டு கிட்ட ஒரு டிவி ரிப்பேர் கடைக்கு வேலைக்கு பூட்டான். அதுக்கப்பறம் ரெண்டு பேரும் சோத்துக்கு பக்கத்துல பக்கத்துல தான் குந்துவாங்க, ஆனா பேச்சு மட்டும் என் வழியா போவும். "அவன் மழையில நனைஞ்சிட்டானா கேளு"ம்பாரு அப்பா. "மாத்திர வாங்கினு வரணுமா கேளு"ம்பான் இவன். நடுவுல நான் தான் தபால்காரி.

மெஷின பாபு வீட்லயே செஞ்சான். பிளைவுட்ட ஒரு ஆசாரிகிட்ட அறுத்து வாங்கினான். உள்ள வெச்சது ஒரு பழைய கலர் டிவி. சண்ட கேமோட போர்டு மெட்ராஸ்ல செகண்ட் ஹேண்டுல எடுத்தது. ரெண்டு பேரு சேந்து ஆடலாம். ஆளுக்கு ஒரு ஜாய்ஸ்டிக்கு, அடிக்கறதுக்கு பட்டன், ஒரு ஸ்டார்ட் பட்டன். நான் ஸ்க்ரூ எடுத்து குடுப்பேன், டார்ச் புடிப்பேன், திட்டு வாங்குவேன். அப்படியே எனக்கு வேல தெரிஞ்சி போச்சு.

வயரிங் பண்ண அன்னிக்கு பகல் முழுக்க கரண்ட்டு இல்ல. மறுநாள் பெருமாள் கோயில் கருட சேவ. சொந்தக்காரங்க பசங்க எல்லாம் வந்து எறங்கிடுவாங்க, அதுக்குள்ள மெஷின ஓட்டி காட்டணும்னு அவனுக்கு ஒரே துடிப்பு. கரண்ட்டு இல்லாம, ஈயத்த உருக்கி வயர ஒட்டற சோல்டரிங் அயர்ன் எப்படி சூடாவும்? என்ன இன்சுலேஷன் டேப் வாங்க அனுப்பினான். நான் வர்றதுக்குள்ள கருப்பு வயர் எல்லாத்தையும் வெறும் கையாலயே திரிச்சி, இருந்த பழைய டேப்ப சுத்தியும் முடிச்சிட்டான்.

"அப்பறமா சோல்டர் வெச்சிக்கலாம் பாப்பா"ன்னான்.

கரண்ட்டு வந்துச்சு. அவன் பொட்டிக்கு பின்னாடி குந்திக்கினு கைய உள்ள உட்டுக்கினு இருந்தான். நான் முன்னாடி நின்னு ஒவ்வொரு பட்டனா அமுக்கினேன். கடசியா ரெண்டாவது ஆளோட ஸ்டார்ட்டு. அத்த அமுக்கினா தான் திரையில ரெண்டாவது ஆளு வருவான்.

"ஆளு வந்துட்டானா?"ன்னு பின்னாடியிலேந்து கேட்டான்.

"வந்துட்டான்ணா."

பின் ரூம்ல தறி சத்தம் கொஞ்ச நேரம் நின்னுச்சு. அப்பறம் மறுபடி ஓடுச்சு. அப்பா எட்டி பாக்கல. பாபு இருந்த வரைக்கும் அவரு அந்த மெஷின ஒரு தடவ கூட தொட்டதில்ல.

சோல்டர் வெக்கவே இல்ல. ஓடிக்கினு இருக்கற பொட்டிய யாரு தொறப்பாங்க?

நான் பண்ண தப்பான வைத்தியம்

லெஃப்ட் போனதும் நான் நெனச்சது மைக்ரோசுவிட்ச்னு தான். ஜாய்ஸ்டிக்குக்கு அடியில நாலு பக்கமும் நாலு குட்டி சுவிட்ச் இருக்கும். எந்த பக்கம் இழுக்கறோமோ அந்த சுவிட்ச் "டிக்"குன்னு அமுங்கும். லெஃப்ட் சுவிட்ச கழட்டிட்டு புதுசு போட்டேன். மத்தியானம் ஆளு லெஃப்ட்ல ஓடினான். எனக்கு ஒரே பெருமை. பீட்டர் அண்ணன கூப்ட்டு காட்டினேன்.

மறுநாள் காலையில லெஃப்ட் நல்லா இருக்குது, கிக் பட்டன் படுத்துடுச்சு. கிக் சுவிட்ச மாத்தினேன். அதுக்கு அடுத்த நாள் லெஃப்ட் மறுபடி படுத்துச்சு. சில நாள் காலையில படுத்தது மத்தியானம் தானா எழுந்துக்கும். "உன் மெஷின் ஷிப்ட்டு முறையில வேல செய்யுது"ன்னாரு பீட்டர் அண்ணன்.

பாபு வேல செஞ்ச கடையிலேந்தே ஒருத்தரு வந்து பாத்தாரு. அக்கறையா தான் பாத்தாரு. போர்டு போச்சும்மா, எங்க எங்கயோ மாறி மாறி படுத்தா போர்டு தான், வேற போர்டு பாத்துக்கன்னு சொல்லிட்டு போனாரு.

அது அப்பா காதுலயும் உழுந்துச்சு. அன்னிக்கு சாயங்காலம் என்ன கூப்புட்டாரு. ஐயம்பேட்டையில ஒருத்தரு டிவிய மட்டும் எடுத்துக்குவாராம், அவர ஞாயித்துக்கெழம வர சொல்லியாச்சாம். மிச்சத்த ஒடச்சி அடுப்புக்கு போட்டுடலாம்னாரு.

வேணாம்ப்பான்னேன்.

"ஓடினா இருக்கட்டும் பாப்பா. நான் வேணாங்கல. ஓடாத பொட்டிய தெனம் தாண்டி தாண்டி போவ என்னால முடியல."

அவரு மேல எனக்கு கோவம் வரல. அம்மா அந்த ரூம் பக்கமே வர்றது இல்ல, கொல்லப்பக்கமா சுத்திக்கினு போவாங்க. எனக்கு நேர் எதிரு. நான் அதுல தான் சாஞ்சிக்கினு குந்தியிருப்பேன். ஓடும் போது பின் பலகையில கை வெச்சா வெதுவெதுன்னு இருக்கும்.

காமன்

சனிக்கெழம காலையில மழ. ஆன் பண்ணேன், லெஃப்ட்டும் இல்ல, கிக்கும் இல்ல. ஒரு விதத்துல அது நல்லதா போச்சு. படுத்து இருக்கும் போது தான் புடிக்க முடியும்.

ஒவ்வொரு சுவிட்சுக்கும் ரெண்டு வயர் போவும். ஒண்ணு அந்த சுவிட்சுக்குன்னு தனி, நேரா போர்டுக்கு போவும். இன்னொண்ணு எல்லா சுவிட்சுக்கும் பொது. அத்த காமன்னு சொல்லுவோம். பட்டன அமுக்கினா இந்த ரெண்டும் தொட்டுக்கும், போர்டுக்கு சேதி போவும். எங்க பொட்டியில காமன் ஒரே நீட்டு கருப்பு வயரு. அதுலேந்து ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒரு கிளை. கிளை சேர்ற எடத்துல எல்லாம் பாபு சுத்தின டேப்பு.

பாபு ஒண்ணு பண்ணுவான். சுவிட்ச நம்பாம, அதுல வயர் மாட்டற ரெண்டு காலையும் ஸ்க்ரூ டிரைவரால சேத்து தொட்டு பாப்பான், பட்டன அமுக்கின மாதிரி தான் அது. நானும் அதே மாதிரி லெஃப்ட் சுவிட்சோட ரெண்டு காலையும் தொட்டேன். ஆளு நவுரல. அப்ப சுவிட்ச் மேல குத்தம் இல்ல, நான் புதுசு போட்டதெல்லாம் வீணு.

அடுத்தது ஒரு துண்டு வயர எடுத்தேன். ஒரு முனைய போர்டு கிட்ட காமன் கெளம்பற எடத்துல வெச்சேன், இன்னொரு முனைய லெஃப்ட்டோட தனி வயர்ல தொட்டேன்.

ஆளு லெஃப்ட்ல ஓடினான்.

அதே துண்டு வயர கிக்ல தொட்டேன், கால தூக்கி ஒதைச்சான். தனி வயர் நல்லா இருக்குது, போர்டும் நல்லா இருக்குது. அப்ப மிச்சம் இருக்கறது நடுவுல இருக்கற காமன் ஜாயிண்ட்டு தான். பாபு கைப்பட திரிச்சது.

டேப்புக்கு உள்ள

மெஷின ஆஃப் பண்ணேன். அப்பறம் லெஃப்ட் ஜாயிண்ட்டோட டேப்ப பிரிச்சேன். பசை எளகி பிசுபிசுன்னு வந்துச்சு. உள்ள செம்பு தெரியல. சாம்பக்கலர்ல ஒரு பூச்சு, அங்கங்க பச்ச. பூஞ்சன்னு நெனச்சேன். கிக்க பிரிச்சேன், அதுலயும் அதே. டேப்போட பசை பக்கத்துல, சாம்பக்கலர்லயே ஒரு கட்டவெரல் ரேக.

அப்பா எப்ப வந்து நின்னாருன்னு தெரியாது. அந்த மெஷின் கிட்ட அவரு வந்து நின்னதே அன்னிக்கு தான். குனிஞ்சி அந்த வயர வாங்கி, கட்டவெரலுக்கும் ஆள்காட்டி வெரலுக்கும் நடுவுல வெச்சி தேச்சி பாத்தாரு.

"சாம்பல்"னாரு.

எந்த சாம்பலுப்பான்னேன்.

"நம்ம கொட்டாங்குச்சி சாம்பல் தான் பாப்பா இது."

அப்பறம் பொட்டிக்கு பின்னாடி குந்திட்டாரு. ஒவ்வொரு ஜாயிண்ட்டா அவரே பிரிச்சாரு. ரெண்டு நுனியையும் சேத்து திரிச்சி, திரிச்சத ஒரு பக்கமா பாபு படுக்க வெச்சிருந்தான். பாவு இழைய அப்படி தான் படுக்க வெப்பாங்க, அப்ப தான் சிக்காது. ஒண்ணு விடாம எல்லாமே அப்படி தான் இருந்துச்சு.

"ஒரே அளவா திரிச்சிருக்கான்"னாரு அப்பா.

துண்டால மூஞ்ச தொடச்சிக்கினாரு. நான் திரும்பிக்கினேன்.

ஆனா வேல நிக்குதே. மறுநாள் ஞாயித்துக்கெழம. நான் தான் சொல்ல வேண்டி இருந்துச்சு.

"இத்தெல்லாம் வெட்டணும்ப்பா."

"நல்லா தான இருக்குது?"

"சாம்பல் ஈரத்த இழுக்குதுப்பா. பட்டுக்கு சரி, செம்புக்கு ஆவாது. மழ பேஞ்சா படுத்துடும். பொட்டி சூடானா காஞ்சி எழுந்துக்கும். அதான் இத்தன நாளா ஆட்டம் காட்டுச்சு."

வெட்டாம ஓட்ட முடியாதான்னு கேட்டாரு. முடியாதுன்னேன்.

"வெட்டு. ஓடறதுக்கு தான அவன் செஞ்சான்."

அப்பா வயர புடிச்சிக்கினாரு, நான் வெட்டினேன். புது செம்பு தெரியற வரைக்கும் சீவி, மறுபடி திரிச்சி, இந்த தடவ சோல்டர் வெச்சேன். அப்பா புடிச்சா வயர் ஆடவே இல்ல. அந்த மாதிரி ஒரு கை எனக்கு இது வரைக்கும் கெடைக்கல. கடசியா ஒண்ணு மிச்சம் இருந்துச்சு, ரெண்டாவது ஆளோட ஸ்டார்ட்டு. கட்டர எடுத்தேன்.

"அத்த உட்டுடு"ன்னாரு.

மழையில படுக்கும்ப்பான்னேன்.

"படுத்தா எழுப்பிக்கலாம்."

அந்த ஜாயிண்ட்டுக்கு பழைய டேப்பையே திரும்ப சுத்தி, மேல ஒரு புது டேப்ப அவரே சுத்தினாரு.

ஞாயித்துக்கெழம ஐயம்பேட்டைக்காரரு வந்த போது பீட்டர் அண்ணன் ஆடிக்கினு இருந்தாரு. அப்பா வாசல்லயே நின்னுக்கினு, "ஓடுதுப்பா, குடுக்கறதா இல்ல"ன்னுட்டாரு. வந்தவரு மொகம் சுருங்கிச்சு. அப்பறம் உள்ள வந்து ரெண்டாவது ஜாய்ஸ்டிக்க புடிச்சி, பீட்டர் அண்ணன்கிட்ட நல்லா ஒத வாங்கிட்டு தான் போனாரு.

நான் கத்துக்கினது

பட்டன் மாறி மாறி படுத்தா போர்டு மேல பழி போடாதீங்க. படுத்த பட்டனுங்களுக்கு எது பொதுவோ அத்த பாருங்க. பெரும்பாலும் காமனா தான் இருக்கும். ஒரு துண்டு வயர் போதும் கண்டுபுடிக்க. கைய நல்லா தொடச்சிட்டு வயர தொடுங்க. சோல்டர அப்பறம் வெச்சிக்கலாம்னு உடாதீங்க. எல்லா அப்பறமும் நம்ம கைக்கு வராது.

இத்தனையும் சொல்லிட்டு எங்க பொட்டியில ஒரு ஜாயிண்ட்ட மட்டும் நான் சரி பண்ணாம வெச்சிருக்கறேன். தெரிஞ்சே தான்.

மழ நாள்ல அது படுக்கும். ஏனாத்தூர் காலேஜ் பசங்க ஜோடியா ஆட வந்தா, ரெண்டாவது ஆளு ஸ்டார்ட் ஆவ மாட்டேங்குதுக்கான்னு கத்துவாங்க. பின் ரூம்ல தறி சத்தம் நிக்கும். அப்பா வந்து பொட்டிக்கு பின்னாடி குந்துவாரு. பின் பலகைய தொறந்து கைய உள்ள உட்டு, அந்த டேப்புக்கு மேலயே ரெண்டு வெரலால புடிச்சி ஒரு திருக்கு திருக்குவாரு. அது போதும். ஆனா ஒடனே கைய எடுக்க மாட்டாரு.

"ஆளு வந்துட்டானா?"ன்னு கேப்பாரு.

"வந்துட்டாம்ப்பா"ன்னு சொல்லுவேன்.