தாலி கட்டிய படங்களை விழுங்கிய டிரைவர்

செங்கம் சாலையில் வாடகைக்கு எடுத்த மாடி அறையில், நானும் என் கணவரும் கல்யாண போட்டோகிராபர்களுக்காக ஆல்பம் மென்பொருள் ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். அது விண்டோஸில் ஓடுவது. பல போட்டோகிராபர்களின் ஹார்ட் டிஸ்க்குகளோ ஆப்பிளின் மேக் கணினியில் ஃபார்மேட் செய்தவை. அவற்றை விண்டோஸ் படிக்கத் தனியாக டிரைவர் என்ற ஒரு துணை மென்பொருள் வேண்டும்.

"ரெடியா இருக்கற டிரைவருக்கு காசு குடுத்து லைசென்ஸ் வாங்கிடலாங்க. இதையே தொழிலா செய்யறவங்க இருக்காங்க" என்றேன்.

"நாமே எழுதிடலாம். என்ன பெரிய விஷயம்?" என்றார் அவர்.

சில மாதங்களில் அவருடைய டிரைவர் டிஸ்க்கைப் படித்துவிட்டது. பரோட்டா வாங்கிவந்து கொண்டாடினோம். அடுத்து, டிஸ்க்கில் எழுதிப் பார்க்கும் சோதனை. எங்கள் கல்யாணப் படங்களின் நகலை ஒரு டிஸ்க்கில் போட்டு, அதில் புதிதாக ஒரு ஃபைலைச் சேமித்தார். பிறகு திறந்து பார்த்தோம். நிச்சயதார்த்தம் இருந்தது, பந்தி இருந்தது. தாலி கட்டிய படங்களை மட்டும் காணோம்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நம்மளுது நகல்தான், போனா போவுது. இதே கஸ்டமரோட டிஸ்க்கா இருந்தா?"

அவரும் சிரித்துவிட்டார். டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, "லைசென்ஸ் கேட்டு நீயே மெயில் போட்டுடு" என்றார்.

வாங்கிய டிரைவரை எங்கள் மென்பொருளோடு சேர்த்து, கீழ்பென்னாத்தூர் போட்டோகிராபர் ஒருவருக்குக் காட்டினோம். டிஸ்க்கைச் செருகியதும் படங்கள் வந்து நின்றன.

"அவ்ளோதானா? இதுக்கா சார் இத்தினி மாசம் ஆச்சு?" என்றார் போட்டோகிராபர்.

"ரொம்ப கஷ்டமான வேலைங்க" என்றார் என் கணவர், கொஞ்சமும் கூசாமல்.