நான் சொன்ன ஒரு 'யெஸ்'

நாங்கள் அமெரிக்காவில் லிவர்மோர் என்ற ஊரில் வசிக்கிறோம். போன குளிர்காலத்தில் ஒன்பது வயது மகள் மீனாவின் நச்சரிப்பு தாங்காமல், அவளை ஒரு மலை ரிசார்ட்டுக்கு, பனிச்சரிவில் சறுக்கி ஸ்கீ பண்ண அழைத்துப் போனேன். இருவருக்குமே அதுதான் முதல் தடவை.

அங்கே சறுக்குபவர்களை மலைமேல் ஏற்றிவிடும் இரண்டு லிஃப்ட்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. எதில் ஏறுவது என்று விழித்துக்கொண்டிருந்த என்னிடம் ஓர் ஊழியர், "இதற்கு முன் ஸ்கீ செய்ததே இல்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "யெஸ்" என்றேன். 'ஆமாம், செய்ததே இல்லை' என்று தமிழில் நினைத்துச் சொன்ன யெஸ் அது. ஆங்கிலத்திலோ அப்படிக் கேட்டால் யெஸ் என்பதற்கு 'செய்திருக்கிறேன்' என்று பொருள். அவரோ எங்களைப் பழக்கமுள்ளவர்கள் என்று எடுத்துக்கொண்டு, உச்சிக்குப் போகும் லிஃப்டைக் காட்டிவிட்டார்.

மேலே இறங்கிப் பார்த்தால், சரிவு செங்குத்தாக இருந்தது. அதற்குள் மீனா சறுக்கத் தொடங்கிவிட்டாள். "அம்மா, ஐ கான்ட் ஸ்டாப்" என்று அலறியபடி பைன் மரங்களை நோக்கிப் போனாள்.

"உக்காரு மீனா, அப்படியே உக்காரு" என்று கத்தினேன்.

தொப்பென்று உட்கார்ந்தாள். எட்டிக் கை நீட்டினால் மரம். பாதுகாப்பு ஊழியர்கள் வந்து எங்களை ஸ்லெட் என்ற பனிச்சறுக்கு வண்டியில் வைத்துக் கீழே இறக்கினார்கள்.

இப்போதெல்லாம் யார் கேட்டாலும் முழு வாக்கியமாகவே பதில் சொல்கிறேன். அந்தப் பழக்கம் அன்று திரும்பும் வழியில் காரிலேயே தொடங்கிவிட்டது. "யூ வேர்ன்ட் ஸ்கேர்ட், அம்மா?" என்று, எனக்குப் பயமே இல்லையா என மீனா கேட்டாள். 'இல்லை, பயந்தேன்' என்று நினைத்து வாய்வரை வந்த 'நோ', அவளுக்குப் 'பயமில்லை' என்று ஆகிவிடுமே என விழுங்கிவிட்டுச் சொன்னேன்:

"ரொம்பப் பயந்துட்டேன்டா."